ஆகாயத்திலிருந்து விழுந்த நஞ்சு: ஏலமலைக்குக் காசர்கோடு கூறும் பாடம்

ஆகாய விமானத்தினால் காற்று கெடுகிறது என்று சொன்னால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய நகரத்து விமான நிலையமும் அங்கே எழும் எண்ணெய்ப் புகையும்தான். எஞ்சின் கக்கும் மிக நுண்ணிய கரித்துகள்கள் ஓடுபாதையை அடுத்து வாழ்வோரின் நுரையீரலையும் இருதயத்தையும் பாதிக்கக்கூடியவை என்று விஞ்ஞானிகள் எச்சரித்து வருகிறார்கள். அது உண்மையே. ஆனால் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களிலும் பயணிகள் விமான நிலையம் கிடையாது. இந்த எல்லைப்புறத்தில் தோட்ட வேலை செய்து பிழைக்கும் தமிழர்களுக்கு ஆபத்து விமானப் புகையில் இல்லை. ஆகாயத்திலிருந்தும் விசைப் பம்பிலிருந்தும் காற்றில் கலந்து விடப்படும் பூச்சி மருந்தில்தான் இருக்கிறது.

இதற்குக் கேரளத்திலேயே ஒரு பெரும் சான்று உண்டு. மாநிலத்தின் வடகோடியான காசர்கோட்டில் ஹெலிகாப்டர் மூலம் மருந்து தெளித்ததால் நேர்ந்த துயரம் உலகறிந்தது. ஆனால் அதில் அதிகம் பேசப்படாத ஒரு குறை இருக்கிறது. யார் மீது, எந்த நாளில், எவ்வளவு மருந்து விழுந்தது என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் எழுதி வைக்கவில்லை. அதே குறை இன்று ஏலத் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் தொடர்கிறது. கவலைக்குரியது அதுதான்.

முந்திரித் தோட்டத்தின் மேல் ஹெலிகாப்டர்

கேரள அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்துக்குக் காசர்கோடு பகுதியில் 4,000 ஹெக்டேருக்கு மேல் முந்திரித் தோட்டம் இருக்கிறது. முந்திரியின் தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருகச் செய்யும் ‘தேயிலைக் கொசு’ என்ற பூச்சியை ஒழிப்பதற்காக, 1970-களின் பிற்பகுதியில் ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடவையாக இது 2000-ம் ஆண்டு வரை நடந்தது.

அந்தப் பூமியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். தோட்டங்கள் மேட்டில் இருக்கின்றன. வீடுகள் சரிவிலும் பள்ளத்திலும் இருக்கின்றன. திறந்த கிணறு, ஓடை, குன்றைக் குடைந்து எடுக்கும் சுரங்க ஊற்று ஆகியவையே ஊராரின் குடிநீர். மரத்தின் உச்சியை ஒட்டித் தாழப் பறந்துதான் தெளிக்க வேண்டும் என்பது விதி. மேடும் பள்ளமுமான இடத்தில் அப்படிப் பறப்பது எளிதல்ல. உயரத்திலிருந்து விழும் துளியைக் காற்று தன் விருப்பம்போல் கொண்டு போகும். மரத்துக்கு விழ வேண்டிய மருந்து கூரையிலும் கிணற்றிலும் பள்ளிக்கூட முற்றத்திலும் விழுந்தது.

என்மகஜே பஞ்சாயத்தைச் சேர்ந்த பத்ரே கிராமத்தில் 1979 வாக்கிலேயே கன்றுக்குட்டிகள் ஊனமாகப் பிறப்பதைக் கண்டு, ஸ்ரீ பத்ரே என்ற விவசாயப் பத்திரிகையாளர் எச்சரித்தார். அப்பகுதியில் வைத்தியம் பார்த்து வந்த டாக்டர் மோகன்குமார், மூளை வளர்ச்சிக் குறைவு, வலிப்பு, பிறவி ஊனம், புற்றுநோய் ஆகியவை ஒரு சிறு வட்டாரத்துக்குள் இவ்வளவு அதிகமாக இருப்பது ஏன் என்ற கேள்வியை எழுப்பினார். விவசாய இலாகா ஊழியரான லீலாகுமாரி அம்மாள் துணிந்து வழக்குத் தொடுத்து, 1998-ல் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் ஆகாயத் தெளிப்புக்குத் தடை உத்தரவு பெற்றார். ஓர் அரசு ஊழியர், அதுவும் ஒரு பெண்மணி, அரசுக் கழகத்தை எதிர்த்து நின்றார் என்பதை மறக்கலாகாது.

பின்னர் ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்வழிச் சுகாதார நிலையம் 2001-ல் பத்ரே கிராமத்துப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தது. மருந்து விழாத வேறொரு கிராமத்துக் குழந்தைகளுடன் ஒப்பிட்டபோது, கற்கும் திறன் குறைவும் பிறவிக் கோளாறுகளும் இங்கே அதிகம் என்று கண்டது.

எல்லா நோய்க்கும் இந்த மருந்துதான் காரணமா என்பதில் விவசாய விஞ்ஞானிகளில் ஒரு சாரார் மாறுபட்ட கருத்துக் கூறி வந்துள்ளனர். அந்த விவாதம் ஏன் முடிவுக்கு வரவில்லை? தெளிப்பு நடந்த ஆண்டுகளில் மக்களின் இரத்தத்தையும் உடல்நிலையையும் ஒழுங்காகச் சோதித்துப் பதிவு செய்திருந்தால், விவாதத்துக்கு இடமே இருந்திராது. பதிவு இல்லாத இடத்தில் சந்தேகத்தின் பலன் மருந்துக்குப் போயிற்று, நோயாளிக்கு வரவில்லை.

2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் ஜெனீவாவில் கூடி, எண்டோசல்பானை உலகெங்கும் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தன. அதே ஆண்டு மே 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்தியா முழுவதும் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ரூ.5 இலட்சம் மூன்று மாதத்துக்குள் வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து 2022 மே மாதத்தில் அதே கோர்ட்டு கணக்குக் கேட்டபோது, பட்டியலில் இருந்த 3,704 பேரில், கோர்ட்டுப் படியேறிய எட்டுப் பேருக்கு மட்டுமே பணம் போய்ச் சேர்ந்திருந்தது. கோர்ட்டு கடுமையாகக் கண்டித்த பிறகே மற்றவர்களுக்கு வழி பிறந்தது. பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. பெயரே இல்லாதவர் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

பாலக்காட்டு மாந்தோப்பில்

காசர்கோடு தூரத்தில் இருக்கிறது, நமக்கென்ன என்று பாலக்காட்டில் இருப்போர் எண்ணிவிட முடியாது. அதே தோட்டக் கழகத்துக்கு மண்ணார்க்காடு அருகே தத்தேங்கலத்திலும் தோட்டம் உண்டு. தடைக்குப் பிறகு மிஞ்சிப்போன சில நூறு லிட்டர் எண்டோசல்பான் அங்கே பல ஆண்டு கிடங்கில் கிடந்தது.

கோவிந்தாபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் முதலமடை. நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் மாந்தோப்பு. நாட்டிலேயே முதலில் காய்த்து வடநாட்டுச் சந்தைக்குப் போகும் மாம்பழங்களில் இவ்வூர்ப் பழமும் ஒன்று. முந்திப் பழம் வேண்டுமென்றால் முந்திப் பூக்க வேண்டும்; பூவைத் தத்துப்பூச்சி தின்னாமல் காக்க வேண்டும். ஆகவே பூப்பிடித்த நாள் முதல் காய் திரளும் வரை மருந்தடிப்பு. வேலை செய்வோரில் பெரும்பகுதி தமிழ் பேசுவோர். இங்கும் ஊனமுற்ற குழந்தைகள் பிறப்பது பற்றிச் செய்திகள் வெளிவந்து, காசர்கோட்டைப் போல விரிவான ஆய்வு தேவை என்ற கோரிக்கை எழுந்தது.

மாந்தோப்பில் ஹெலிகாப்டர் பறக்கவில்லை. ஆயினும் வேலை செய்பவருக்கு வித்தியாசம் பெரிதல்ல. உயர்ந்த மரத்தை நோக்கிக் குழாயை மேலே தூக்கி அடிக்கும்போது, இலையில் தங்காத மருந்துப் பனி திரும்பி அடிப்பவரின் தலையிலேயே இறங்குகிறது. அவருக்கு அதுவும் ஆகாயத்திலிருந்து விழும் நஞ்சுதான்.

எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. எண்டோசல்பானைக் கேரளம் தடுத்த பிறகும் தமிழ்நாட்டில் 2011 வரை அது கடையில் கிடைத்தது. எல்லை தாண்டி அது தோப்புகளுக்கு வந்ததாகப் புகார்கள் எழுந்தன. ஒரு பக்கம் மட்டும் போடும் தடை, ஒரு கதவை மட்டும் அடைத்த வீட்டைப் போன்றது.

ஏலக்காய்க்கு இருக்கும் சோதனை ஆளுக்கு இல்லை

இடுக்கிக்கு வருவோம். விடியுமுன் போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறுகின்றன. களை எடுப்பும் காய் எடுப்பும் பெரும்பாலும் பெண்கள் வேலை. மருந்தடிப்பு ஆண்கள் வேலை. இலைப்பேன், தண்டுத் துளைப்பான் ஆகிய இரண்டும் ஏலச் செடிக்குப் பெரிய எதிரிகள். இவற்றுக்காகப் பாஸ்பரஸ் வகை மருந்துகள் ஆண்டில் பல சுற்று அடிக்கப்படுகின்றன.

ஏலத் தோட்டம் திறந்த வயல் அல்ல. மேலே நிழல் மரம், கீழே ஆள் உயரச் செடி, நடுவே ஈரக் காற்று. அடித்த மருந்து சீக்கிரம் கலைந்து போகாமல் அங்கேயே தங்குகிறது. ஒரு வரிசையில் மருந்தடிக்க அடுத்த வரிசையில் காய் எடுப்பு நடந்தால், பம்பைத் தொடாத பெண்ணும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறாள். அதே ஈர இலைதான் அவள் கையிலும் உரசுகிறது.

இங்கே ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். மருந்து மிச்சம் அதிகம் என்று கூறிச் சவூதி அரேபியா நம் நாட்டு ஏலக்காயைத் திருப்பியிருக்கிறது. உடனே அதிகாரிகளும் வியாபாரிகளும் விழித்துக் கொண்டார்கள். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சி மருந்து இருப்பதாகச் சோதனையில் தெரிந்து, கேரள ஐகோர்ட்டு அதன் விற்பனையை நிறுத்தியது. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட டின்கள் முடங்கின. அந்த உத்தரவைச் சுப்ரீம் கோர்ட்டு 2024 மார்ச்சில் ரத்து செய்தது என்பது வேறு விஷயம். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பாயசத்தில் ஒரு சிட்டிகை சேரும் ஏலக்காயில் எவ்வளவு மருந்து என்று அளப்பதற்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, வெளிநாட்டுத் துறைமுகம் இருக்கிறது. அந்த மருந்தை நாள் முழுவதும் அடித்தவரின் இரத்தத்தில் எவ்வளவு என்று அளந்தது யார்?

சட்டம் பிறந்ததே கேரளத்துக் கண்ணீரில்

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1958-ல் கப்பலில் வந்த கோதுமை மாவில் பாராத்தியான் என்ற பூச்சி மருந்து கசிந்து கலந்ததால், அதைத் தின்று கேரளத்தில் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தச் சோகத்தின் விளைவாகப் பிறந்ததே 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதையொட்டிய 1971-ம் ஆண்டு விதிகளும்.

அவ்விதிகளில் 37-வது விதி, மருந்து தெளிக்கும் வேலையில் இருப்பவரை வேலையில் அமர்த்தும் முன்பும் பின்னர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறையும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. பாஸ்பரஸ் வகை மருந்தைக் கையாள்வோருக்குக் கோலினெஸ்டரேஸ் என்ற இரத்தச் சோதனையும் உண்டு. நரம்புகள் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான இப்பொருளை இவ்வகை மருந்து முடக்கிவிடும். உடலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை இதன் குறைவே காட்டிக் கொடுக்கும். 39-வது விதியும் 40-வது விதியும் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் தர வேண்டும் என்கின்றன. 43-வது விதி ஆகாயத் தெளிப்புக்கு 24 மணி நேரம் முன்னதாகப் பொதுமக்களுக்கு அறிவிப்புத் தரவேண்டும், ஆளும் ஆடுமாடும் உள்ளே போகாமல் தடுக்கவேண்டும் என்கிறது.

இது போதாதென்று, 2010-ல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, மருந்தடிப்போர் ஒவ்வொருவருக்கும் சுகாதாரப் பதிவேடு வைக்கவேண்டும், அதைப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றும் எழுதினார்கள். அது தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம் பெற்று, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில் ஏன் இல்லை? இரண்டு காரணங்கள். முதலாவது, தோட்டத் தொழிலாளருக்கான இந்த ஏற்பாடு 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களுக்கே. ஏலமலையில் எத்தனையோ தோட்டங்கள் அதற்கும் சிறியவை. இரண்டாவது, ஜீப்பில் வருபவர் இன்று ஒரு தோட்டம், நாளை வேறொரு தோட்டம். மாலையில் கூலி வாங்கிக்கொண்டு மலையிறங்கினால் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் வீடு இருப்பது தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். உடம்புக்கு முடியாமல் போனால் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே டாக்டருக்கு அவர் அடித்த மருந்து தெரியாது. இங்கே வேலை கொடுத்தவருக்கு அவர் படுத்த படுக்கை தெரியாது. இரு மாநில அரசுகளின் கணக்கிலும் அவர் இல்லை.

பூச்சி மருந்து உடனே கொல்லவும் செய்யும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஜனவரியில் கேரளத்திலேயே திருவல்லா அருகே நெல் வயலில் மருந்தடித்த இரு தொழிலாளிகள் உயிரிழந்தனர்.

மீண்டும் ஆகாயத்திலிருந்து

இப்போது புதிதாக டிரோன் என்ற ஆளில்லாச் சிறு விமானம் வயலுக்கு வந்திருக்கிறது. மத்திய அரசு 2021 டிசம்பரில் இதற்கான நடைமுறை விதிகளை வெளியிட்டது. 2023-ல் 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் வழங்கும் திட்டத்தையும் அறிவித்தது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. பம்பைச் சுமந்து மருந்துப் பனிக்குள் நடக்க வேண்டிய ஆள் எட்ட நின்று வேலை செய்யலாம். ஆனால் மறுபக்கமும் உண்டு. கையால் அடிக்கும்போது ஏக்கருக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகும். டிரோனில் சுமார் 10 லிட்டர்தான். அப்படியானால் கலவை பல மடங்கு கெட்டி, துளியும் சிறிது. சிறு துளி காற்றில் தூரம் போகும். நிழல் மரம் அடர்ந்த ஏலக்காட்டில் டிரோனுக்கு அதிக வேலை இராது. திறந்த மாந்தோப்பும் நெல் வயலும் உள்ள பாலக்காட்டில் அதற்கு இடமுண்டு. மனிதன் ஓட்டும் ஹெலிகாப்டரானாலும் மனிதனில்லாத டிரோனானாலும், மேலிருந்து விடும் மருந்துக்கு வரப்பு தெரியாது.

ஐரோப்பிய நாடுகள் 2009-லேயே ஆகாயத் தெளிப்பைப் பொதுவாகத் தடை செய்து, வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் விலக்கு அளித்தன. பிலிப்பைன்ஸ் நாட்டு டாவோ நகரசபை 2007-ல் வாழைத் தோட்டங்களில் விமானத் தெளிப்புக்குத் தடை போட்டது. 2016-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டத்தை நம்பி மட்டும் இருந்துவிட முடியாது என்பதும் தெளிவு.

செய்யக்கூடியது என்ன?

மருந்தடிக்கும் தோழர்களுக்கு முதலில் ஒன்று. மூக்கில் துண்டைக் கட்டிக் கொண்டால் போதும் என்று நினைப்பது தவறு. இவ்வகை மருந்து மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடலில் ஏறும். நனைந்த சட்டையோடு மாலை வரை இருப்பது மருந்தில் குளிப்பதற்குச் சமம். கையுறை, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், மருந்துத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காமை ஆகியவை செலவில்லாத காப்பு. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம், பச்சை. கண் மங்குதல், அளவுக்கு மீறி வியர்வையும் உமிழ்நீரும் வடிதல், வாந்தி, தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை தெரிந்தால் படுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. போகும்போது மருந்து டப்பாவின் லேபிளைக் கையோடு கொண்டு போக வேண்டும். பாஸ்பரஸ் வகை நஞ்சுக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிந்தால் நேரம் மிச்சமாகும், உயிரும் மிச்சமாகும்.

எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் எழுதும் குமாஸ்தாக்களுக்கு இதில் ஒரு பெரிய பங்கு உண்டு. இன்று யார் மருந்தடித்தார், எந்த மருந்து, எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி கூடுதலாக எழுதுவதற்கு மையும் காகிதமும்தான் வேண்டும். நாளை ஒரு தொழிலாளி நோயாளியானால், கோர்ட்டில் நிற்கக்கூடிய ஒரே சாட்சி அந்த வரிதான். செக்ரோலே இல்லாத சிறு தோட்டத்துக்குப் போகிறவர்கள் தங்கள் வீட்டுக் காலண்டரிலாவது தேதி போட்டு மருந்தின் பெயரைக் குறித்து வைக்கட்டும்.

சங்கங்கள் கேட்க வேண்டியது கூலி உயர்வு மட்டுமல்ல. கேரள அரசு மலையடிவாரத்திலும் மலைமேலும் உள்ள ஆஸ்பத்திரிகளில் கோலினெஸ்டரேஸ் சோதனைக்கு வசதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டு அரசு போடி, கம்பம், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிகளில் தோட்டத்திலிருந்து வரும் நோயாளியிடம் என்ன மருந்தடித்தார் என்று கேட்டுக் குறித்து வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இரு மாநிலமும் அந்தக் குறிப்புகளைப் பரிமாறிக் கொள்ள வேண்டும். முல்லைப் பெரியாறு அணை நீரின் மட்டத்தை நாள்தோறும் அளந்து எழுதுகிற இரண்டு அரசுகளுக்கு, மலையேறி இறங்கும் மனிதனின் இரத்தத்தை ஆண்டுக்கு ஒரு முறை அளப்பது இயலாத காரியமல்ல.

காசர்கோட்டில் பட்டியல் எழுதத் தொடங்கியபோது ஒரு தலைமுறை ஊனமாகிவிட்டிருந்தது. ஏலமலையில் எழுதுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. எழுதுவதற்கு இன்னொரு காசர்கோடு வரும் வரை காத்திருக்கக் கூடாது.